டர்போ காருக்கு வீட்டிலேயே பெரிய ஃப்யூயல் பம்ப்... உத்திரமேரூர் தம்பிகளே, ஸ்பானரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

காலை ஷிஃப்ட்டுக்கு உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து ஊர்களில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் நோக்கி கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. அதில் போகும் இளைஞர்கள் பலரும் நாள் முழுக்க கார்களோடு வாழ்கிறவர்கள். ஒருவர் ஹோஸ் மாட்டுவார், இன்னொருவர் வயரிங் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்கினால், கை சும்மா இருக்குமா? ‘இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தினா என்ன?’ என்று தோன்றத்தான் செய்யும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் அணி 991 பிரிவில் மூன்றாமிடம் பிடித்த பிறகு, இந்த ஆசை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

முதலில் இ.சி.யு ரீமேப். அடுத்து பெரிய இன்ஜெக்டர், பெரிய ஃப்யூயல் பம்ப். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் நான்கு நாளில் வீட்டு வாசலில் பார்சல் வந்துவிடுகிறது. மாட்டுவது எப்படி என்று வீடியோவும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் வேப்பமரத்து நிழல், ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர் செட். இவ்வளவு போதுமா?

பெட்ரோல் விஷயத்தில் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

காற்று மட்டும் போதாது!

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஊத ஊத நெருப்பு கனன்று எரியும். ஆனால், கரி தீர்ந்துவிட்டால் எவ்வளவு ஊதியும் பயனில்லை. டர்போ என்பது இன்ஜினின் துருத்தி. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழன்று, இன்னொரு விசிறியைச் சுற்றி, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. அதிகக் காற்று போனால், அதற்கு ஏற்ற பெட்ரோலும் போக வேண்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இது பாடப்புத்தகக் கணக்கு. முழு பவரில் ஓடும் டர்போ இன்ஜினுக்கு இதைவிட அதிகமாகவே பெட்ரோல் கொடுப்பார்கள், 12 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்ற அளவில். உபரி பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதாவது, பெட்ரோல் இங்கே எரிபொருள் மட்டுமல்ல, குளிர்விப்பானும்கூட.

பெட்ரோல் குறைந்தால்? வெப்பம் ஏறும். ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்போ, பற்றவைத்த பின் மூலை முடுக்கிலோ, கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான். கட்டுப்படுத்தாமல் விட்டால் சில விநாடிகளில்கூட பிஸ்டன் உருகலாம். ‘பூஸ்ட்டை மட்டும் ஏத்திட்டேன், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பவர்களின் இன்ஜின்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ பெட்ரோல் கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்க்கில் வைத்து, இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். பலர் அந்த டேங்க்கை நிரப்ப மறந்தார்கள். கார் அடுத்த ஆண்டோடு நின்றுபோனது.

பெட்ரோல் போகும் பாதை

டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஒரு மின்சார பம்ப், சுமார் 3 முதல் 5 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. அது ஃபில்டர், பைப் வழியாக இன்ஜினுக்கு வருகிறது. இதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டு வகைக்கும் உதாரணம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தயாராகிறது.

ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட் டர்போவில் இருப்பது ‘போர்ட் இன்ஜெக்‌ஷன்’. சிலிண்டருக்கு வெளியே, காற்று உள்ளே நுழையும் வழியில் பெட்ரோல் தெளிக்கப்படும். அழுத்தம் குறைவு. பாகங்கள் எளிமையானவை.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் டர்போ, க்ரெட்டா என் லைன் ஆகியவற்றில் இருப்பது ‘ஜி.டி.ஐ’, அதாவது நேரடி இன்ஜெக்‌ஷன். கேம்ஷாஃப்ட் இயக்கும் இரண்டாவது பம்ப் ஒன்று பெட்ரோலை இன்னும் பல மடங்கு அழுத்தி, சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். இந்த வகை இன்ஜின்களில் அழுத்தம் 200 பார் வரை சாதாரணமாகப் போகும். புதிய சிலவற்றில் 350 பார்.

200 பார் என்றால் எவ்வளவு? உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2.3 பார். வீட்டு மாடியில் 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் டேங்க் வைத்தால், கீழே குழாயில் கிடைப்பது 1 பார். 200 பார் வேண்டுமென்றால் டேங்க்கை 2 கிலோமீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும்! அந்த அழுத்தத்தில் பெட்ரோல் கசிந்தால் சொட்டாது. ஊசிபோலப் பீய்ச்சும்.

ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்

பாகம் வாங்கும் முன் கணக்குப் போட வேண்டும். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பவரில் ஓடும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.27 கிலோ பெட்ரோல் செலவாகும் என்பது டியூனர்கள் பயன்படுத்தும் தோராயமான அளவு.

மூன்று சிலிண்டர், 100 குதிரைத்திறன் கார் என்றால், மணிக்கு 27 கிலோ. லிட்டரில் சுமார் 36.5. ஒரு இன்ஜெக்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி. இன்ஜெக்டரை 100 சதவிகித நேரமும் திறந்துவைத்து ஓட்டக்கூடாது. 80 சதவிகிதத்தோடு நிறுத்துவது நல்லது. ஆக, நிமிடத்துக்கு 250 மில்லி கொடுக்கக்கூடிய இன்ஜெக்டர் தேவை.

இதையே 130 குதிரைத்திறனுக்கு ஏற்ற நினைத்தால்? மணிக்கு 35 கிலோ, சுமார் 47 லிட்டர். இன்ஜெக்டர் அளவு 330 மில்லியாக உயரும். பம்ப்பும் அந்த 47 லிட்டரை, அழுத்தம் விழாமல் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மணிக்கு 255 லிட்டர்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும் பம்ப், குறிப்பிட்ட ஓர் அழுத்தத்திலும் மின்னழுத்தத்திலும்தான் அவ்வளவு கொடுக்கும். அழுத்தம் கூடக் கூட, வரும் அளவு குறையும். பெரிய பம்ப் அதிக கரன்ட் இழுக்கும். கம்பெனி போட்ட மெல்லிய வயரில் அதை ஓட்டினால் வோல்டேஜ் விழும், வயர் சூடாகும். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, தனி ஃப்யூஸ் போடாமல் பெரிய பம்ப் மாட்டுவது அரைகுறை வேலை. போதாக்குறைக்கு, பிரபல பிராண்டு பெயரில் போலி பம்ப்புகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. விலை பாதி என்றால் சந்தேகப்படுங்கள்.

‘பம்ப் வேண்டாம், பிரஷரை மட்டும் ஏத்தினால்?’ என்று கேட்பவர்களும் உண்டு. 3 பாரை 4 பார் ஆக்கினால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று நினைக்கலாம். கூடாது. வர்க்கமூலக் கணக்குப்படி சுமார் 15 சதவிகிதம்தான் கூடும்.

ஜி.டி.ஐ கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. உயர் அழுத்த பம்ப், இன்ஜெக்டர், இ.சி.யு சாஃப்ட்வேர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இன்ஜெக்டர் முனையில் இருக்கும் டெஃப்லான் சீலை மாட்டவே தனி டூல் வேண்டும். பல மாடல்களில் உயர் அழுத்த பைப்பை ஒருமுறை கழற்றினால், புதிது போடச் சொல்கிறது சர்வீஸ் மேனுவல். வாசலில் செய்யும் வேலை அல்ல இது.

முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் காருக்கு உண்மையிலேயே பெரிய பம்ப் தேவையா? ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகி, மொபைலில் பார்க்கலாம். இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, ‘லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்’. இது பூஜ்யத்தை ஒட்டி, 5 சதவிகிதம் முன்பின் இருந்தால் நல்லது. தொடர்ந்து 10-க்கு மேல் ‘பிளஸ்’ காட்டினால், எங்கோ பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று கசிகிறது. இரண்டு, ஜி.டி.ஐ கார்களில் ‘ரெயில் பிரஷர்’. இ.சி.யு கேட்கும் அழுத்தமும் நிஜத்தில் கிடைக்கும் அழுத்தமும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் நிஜ அழுத்தம் பின்தங்கினால்தான் பம்ப் போதவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையை டைனோ மெஷினில் செய்ய வேண்டும். செங்கல்பட்டு ரோட்டில் அல்ல!

பல நேரம் விடை எளிமையானது. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், விரிசல் விட்ட டர்போ ஹோஸ். இவற்றைச் சரிசெய்தாலே தொலைந்துபோன பவர் திரும்பிவிடும்.

இ20 வந்த பிறகு...

இப்போது நாடு முழுக்க பங்க்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும். டர்போவுக்கு இது நல்ல செய்தி. ஆனால், ஒரு கிலோ எத்தனால் எரிய 9 கிலோ காற்றுதான் வேண்டும். எனவே, அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20 கூடுதலாகப் போக வேண்டும். ஏற்கெனவே எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்புக்கு அந்தக் கூடுதல் அளவு பெரிய பாரம்.

ஹோஸ் வாங்கும்போதும் கவனம் வேண்டும். எத்தனால் சில வகை ரப்பரை உப்ப வைக்கும், காலப்போக்கில் வெடிக்க வைக்கும். சாதாரண பெட்ரோல் டியூப் வேண்டாம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கான ‘ஆர்9’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு அதுவும் போதாது. வெளிப்புறமும் பெட்ரோலைத் தாங்கும் ‘ஆர்10’ ஹோஸ் வேண்டும். இதைத் தவறவிட்டால் சில மாதங்களில் ஹோஸ் கரைந்து, நடுரோட்டில் வண்டி நிற்கும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

இந்தப் பகுதியை அம்மாக்களும் அப்பாக்களும் படிக்க வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை வெளிவிடும். நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாசலில் இருந்து திண்ணைக்கு, திண்ணையில் இருந்து அடுப்படிக்கு வரும். வாசலில் ஏற்றிவைத்த மாலை விளக்கு, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பம்ப்செட் ஸ்டார்ட்டர்... எந்தப் பொறி கிடைத்தாலும் போதும்.

சட்டத்திலும் எல்லை இருக்கிறது. விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் சேமித்துவைக்க, 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டம் அனுமதிப்பது 30 லிட்டர் வரைதான். சின்ன கார்களின் டேங்க்கே 40 லிட்டரை ஒட்டி வரும். முழு டேங்க்கோடு பம்ப்பைக் கழற்ற உட்கார்ந்தால், கேனில் இறக்கும் பெட்ரோலே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

போர்ட் இன்ஜெக்‌ஷன் காரில், அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து டேங்க் பம்ப் மாற்றுகிறீர்கள் என்றால், குறைந்தபட்சம் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

* டேங்க்கில் பெட்ரோல் குறைந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மூடிய கராஜ் வேண்டாம், திறந்தவெளிதான் சரி.

* ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். லைனில் இருக்கும் அழுத்தம் இறங்கும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

* இன்ஜின் முழுதாக ஆறட்டும். சூடான டர்போவின் மேல் பெட்ரோல் பட்டால் தீப்பொறியே தேவையில்லை.

* கைக்கெட்டும் தூரத்தில் டிரை பவுடர் தீயணைப்பான், ஒரு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ மிதந்து பரவும்.

* வாயால் உறிஞ்சி டியூபில் பெட்ரோல் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. தப்பித்தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போகும். உடனே 108-ஐ அழையுங்கள்.

* பழைய ஓ-ரிங்கை மறுபடி போடாதீர்கள். வேலை முடிந்ததும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ‘ஆன்’ செய்து, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வாசனை இருக்கும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஜி.டி.ஐ காரில் இன்னோர் ஆபத்து. இன்ஜின் நின்ற பிறகும் உயர் அழுத்த லைனில் அழுத்தம் மிச்சம் இருக்கும். அதில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால், பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். உள்ளே திசுக்கள் அழியத் தொடங்கியிருக்கும். வலி இல்லையே என்று காத்திருக்காமல், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

ஆர்.சி புத்தகம் என்ன சொல்கிறது?

வேட்பாளரின் தகுதி என்ன, தகுதியின்மை என்ன என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் குடவோலைத் தேர்தலில் நிற்க முடியாது. விதி என்றால் என்ன என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழலாம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்து, பிறகு வண்டி தீப்பிடித்தாலோ விபத்து நடந்தாலோ, க்ளெய்ம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகலாம். வாரன்ட்டியும் போய்விடும். இ.எம்.ஐ மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கும்!

கோவை காட்டிய வழி

அப்படியென்றால் வேக ஆசையையே மூட்டை கட்டிவிட வேண்டுமா? இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு நல்ல பாரம்பரியமே இருக்கிறது.

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து 1980-களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். குடும்ப காரின் சின்ன இன்ஜினை வைத்தே, இந்திய இளைஞர்கள் கட்டுப்படியாகும் செலவில் ரேஸ் பழக வழிசெய்தவர் அவர். ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் ஃபார்முலா மாருதிதான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அதே கோவையில் இருந்து இன்னோர் உதாரணம். ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு கைகோத்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி காரைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோவில் சுமார் 85 குதிரைத்திறன். இதில் டர்போ இன்ஜினோடு 114. சஸ்பென்ஷன், டயர், இன்டேக் என எல்லாமே சேர்ந்து மாறின. பவரைக் கூட்டினால் அதைத் தாங்கும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். முறையான சான்றிதழோடு ஷோரூமில் விற்ற கார். பி.எஸ்.6 காலத்தில் நின்றுபோனாலும், செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டுமா? சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கைத் திறந்தது. நம் மாவட்டத்திலேயே இருக்கும் இந்த டிராக்கின் முழு நீளம் 3.7 கிலோமீட்டர். தீயணைப்புக் குழு, ஆம்புலன்ஸ், ஹெல்மெட் விதி எல்லாம் இருக்கும் இடம் அது. உத்திரமேரூர் ஏரிக்கரை ரோட்டில் எதிரே நெல் மூட்டையோடு டிராக்டர் வரும், டிராக்கில் வராது.

முடிவாக...

உங்கள் வீட்டுப் பையன் காரோடு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினால் திட்டாதீர்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், ஆயில் மாற்றுவது, ஓ.பி.டி டேட்டா படிப்பது... வீட்டிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாளை அதுவே அவன் தொழிலாகலாம்.

ஆனால், பெட்ரோல் லைனைத் தொடுவதாக இருந்தால், வேலையை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். கணக்குப் போட்டாயா? ஆர்.சி-க்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒத்துவருமா? தீயணைப்பான் எங்கே? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அந்த பம்ப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.